சொல்லாமல் விட்ட வாங்க

கண்ணாடியைக் கழற்றி லாக்கருக்குள் வைத்துவிட்டால் தாமோதரனுக்கு மனிதர்கள் எல்லாரும் ஒன்றுதான். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு, துண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை, அவ்வளவுதான் தெரியும். ஆவடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிற மனிதர், தாம்பரத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடிக்கு வந்து, தன் பார்வையைப் பூட்டி வைத்துவிட்டு, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு சுவரைத் தடவித் தடவி நீராவி அறைக்குப் போகிறார் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கே சிரிப்பு வந்த நாட்கள் உண்டு. இன்றைக்கு வரவில்லை. கதவைத் தள்ளினார், நீலகிரித் தைல வாசனை மூக்கில் ஏறியது, மேல்படியில் வழக்கமான மூலையில் போய் உட்கார்ந்தார், பக்கத்தில் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். யாரும் இல்லை, ஈரமான ஓடுதான் சுட்டது. இல்லாத ஆளைத் தடவிப் பார்க்கிற பழக்கம் எப்போது வந்தது? ஆவணியில் மகள் தேன்மொழி கல்யாணம் முடிந்ததிலிருந்து. ஐப்பசி மழையும் வந்துவிட்டது, கை மட்டும் இன்னும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. லென்ஸ் தேய்க்கக் கொடுக்கும் பட்டறை தாம்பரத்தில் இருக்கிறது, அது பொய்யில்லை, ஃபிரேம்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பட்டறையில் கொடுத்துவிட்டுத்தான் இங்கே ஏறுவார். ஆவடியிலும் இப்படி ஓர் இடம் வந்துவிட்டதாகக் கேள்வி. ஆனால் ஆவடிக்காரர் ஆவடியில் ஏறுவாரா? ஆவடிக்காரர்கள் தாம்பரத்துக்கு வருவார்கள், தாம்பரத்துக்காரர்கள் ஆவடிக்குப் போவார்கள், வழியில் பூந்தமல்லியில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேருந்துகளில் இருந்து ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொள்வார்கள். கீழே பலகையில் ஆண்கள் மட்டும், ஸ்பா, சானா, ஸ்டீம் பாத் என்று எழுதியிருக்கும். ஆண்கள் மட்டும் என்பதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் ஏறுவார்கள், தெரியாத யாராவது மூட்டுவலிக்கு என்று ஏறி வந்தால் லாரன்ஸ் தன்மையாகப் பேசி, இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

லாரன்ஸ்தான் முன்னால் மேஜையில் உட்கார்ந்திருப்பவன், நடத்துகிறவன், சாவியும் துண்டும் எடுத்துத் தருகிறவன். முதல்நாள் தாமோதரன் படியேறி வந்து, வியர்த்து, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க வந்தவர்போல நின்றபோது அவன்தான் நாற்காலியைக் காட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இங்கே ஒரே ஒரு சட்டம்தான் சார் என்றான். பேர் கேட்கக் கூடாது, சொன்னால் நம்பக் கூடாது, ரோட்டில் பார்த்தால் யாருக்கும் யாரையும் தெரியாது. மூன்றாகச் சொல்லிவிட்டு ஒன்று என்கிறானே என்று அப்போதே தோன்றியது, ஆனால் ஒன்றுதான் என்பது பிறகு புரிந்தது. தாமோதரன் தன்னை பாபு என்று வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்கு மேல் தனக்குத் தானே பேர் வைத்துக்கொள்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும். அந்த மூலையில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் தன்னை மணி என்று சொன்னதும் அப்படித்தான் இருக்கும், அந்த மாடியில் மணிகளும் குமார்களும் மலிவு. ஆனால் இந்த மணியின் குரல் மலிவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குரல், மூக்கில் லேசாக உரசிக்கொண்டு வரும், நீராவிக்குள் அந்தக் குரல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே தாமோதரனுக்கு முதுகுத்தண்டில் இருந்த கடைசி முடிச்சு அவிழும். உள்ளே வருகிறவர்கள் முதலில் என்னென்னவோ செய்வார்கள், காலை உரசுவார்கள், இருமுவார்கள். மணி மட்டும் உட்கார்ந்ததும், சாப்ட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்பார். இந்த இடத்தில் யாராவது அதைக் கேட்பார்களா? கேட்டார். தாமோதரன் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, அல்லது தொடங்கிவிட்டது. அதன் பிறகு செவ்வாய்தோறும், தோளோடு தோள் ஒட்டி உட்காருவதும், மணி துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் பிழிந்து அவர் தலையில் போட்டுவிடுவதும், அப்புறம் சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஆசையோடு கட்டிக்கொண்டு கிடப்பதும், அது எல்லாம் உண்டு. ஆனால் இப்போது நினைத்தால் நெஞ்சை அடைப்பது அதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஈரத் தலையோடு கடலை உருண்டை தின்றதுதான். மணியே உருட்டியது. மணி ஒண்டிக்கட்டை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா இருந்தவரை அம்மாவுக்குச் சமைத்து, அம்மா போன பிறகு தனக்கு மட்டும் சமைத்து, தட்டை வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துச் சாப்பிடுகிற ஆள். கல்யாணச் சாப்பாடு என்றால் உயிர் என்று ஒருநாள் சொன்னார். கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம்தான், ஆனால் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவாராம். அங்கேதான் அண்ணாச்சி நம்மளப் பாத்து ஒருத்தன் குனிஞ்சு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேக்கான் என்றார். தாமோதரன் அதற்கு ஏதோ பதில் சொன்னார், என்ன பதில் என்பது மறந்துவிட்டது, கேள்வி மறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆள் தேன்மொழி கல்யாணத்தில் சாப்பிடாமல் போயிருப்பாரா? இதோ வந்துவிட்டது, இந்த இடத்துக்கு வராமல் தாமோதரனுடைய மனசு எந்தத் தெருவிலும் திரும்புவதில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருப்பார். இல்லை, சாப்பிடாமல்தான் போயிருப்பார். கடையில் ஒரு கண்ணுக்கு ஒரு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னது தெளிவா என்று கேட்பாரே, அதுபோல இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார், இரண்டும் மங்கலாகவே இருக்கிறது. கல்யாண மண்டப வாசல். வாழைமரம், மேஜையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் சொம்பு, பக்கத்தில் பட்டுப்புடவையில் மனைவி புனிதா. பெண்ணைப் பெற்றவர் காலையிலிருந்து கையைக் கூப்பியபடி நின்று வாங்க வாங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தது. தெரிந்தவர்களுக்கு வாங்க, தெரியாதவர்களுக்கு வாங்க, அடுத்த மண்டபத்துக்கு வழி கேட்க வந்தவருக்கும் ஒரு வாங்க. மாப்பிள்ளையின் அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் செங்கல்பட்டிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு நடுவில், நீலக் கோடு போட்ட சட்டையும் பட்டைக் கரை வேட்டியுமாக, தலையைப் படிய வாரிக்கொண்டு, மணி. கண்ணாடி போட்டுக்கொண்டு மணியை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் இவ்வளவு அழகான முகத்தையா கறுப்பும் வெள்ளையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றிருந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அதுவரை அது விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, அதைக் கண்டதும்தான் ஆள் உறுதியானது. மணியும் பார்த்தார். ஒரே கணம் அந்த முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது, உடனே அணைந்தது, சட்டம் தெரிந்த ஆள் இல்லையா, முன்பின் தெரியாத விருந்தாளி எப்படி வருவானோ அப்படியே கையைக் கூப்பிக்கொண்டு வந்து நின்றார். சரியாகத்தான் செய்தார். தாமோதரன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான், நானூறு பேருக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லை நானூற்றோராவது தடவையாகச் சொல்வது. நாக்கு எழவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் உதட்டிலிருந்து வந்தது, இந்த ஒருவருக்குச் சொன்னால் அது வேறெங்கிருந்தோ கிளம்பி வரும், பக்கத்தில் நிற்கிற புனிதாவுக்கு வித்தியாசம் கேட்டுவிடும், சம்பந்திக்குக் கேட்டுவிடும், நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு பயம். அவர் சட்டென்று திரும்பி, பூக்காரரைப் பார்த்து, மாலை ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டார். மாலை அவர் காலடியில் கூடையில்தான் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது நீலக் கோட்டுச் சட்டை உள்ளே போயிருந்தது.

தெரியாதவன்போல நடிக்க வேண்டும் என்பதுதானே சட்டம், தெரியாதவனுக்கும் வாசலில் வாங்க உண்டு என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. எதிரியே வந்தாலும் கல்யாண வாசலில் வாங்க என்று சொல்லாமல் விடுவார்களா? பங்காளிச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேசாமல் இருந்த சித்தப்பா மகனுக்கே சொன்னாரே. வாய்திறந்து கூப்பிடாத வீட்டில் எவன் இலைமுன் உட்காருவான்? முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். பெண்ணைப் பெற்றவர் பந்தியைக் கவனிக்கிறார் என்று எல்லாரும் மெச்சினார்கள். அவர் வரிசை வரிசையாக நீலக் கோடு தேடினார். முதல் பந்தியில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவது பந்தியின்போது சமையல்காரர் வந்து காதோடு பாயசம் திரிந்துவிட்டது என்றார். அண்டாவோடு பாயசம் திரிந்துபோனால் பெண்ணைப் பெற்ற வீட்டில் எப்படி இருக்கும். முதல் பந்தியிலிருந்தே பாயசம் வைக்காமல் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், புனிதா அழாத குறையாக அண்டாவை மூடிப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆளை விட்டு ஐஸ்கிரீம் வரவழைத்து எல்லா இலைக்கும் பக்கத்தில் ஒரு கப் வைக்கச் சொன்னாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். இன்றுவரை அவளுக்கு அந்த ஒரு குறைதான். பாயசம் போடாத கல்யாணமாப் போச்சே என்று ராத்திரி புரண்டு படுப்பாள். பக்கத்தில் அவரும் புரண்டு படுப்பார். அவள், உங்களுக்கும் மனசு கேக்கலல்ல என்பாள். ஆமாம் என்பார். இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்காகத்தான் வருந்தினார்கள், அதுவரைக்கும் பொய்யில்லை. வீடியோ வந்ததும் அவர் மூன்று நாள் தொடர்ந்து பார்த்தார், பெண்மேல் அவ்வளவு பாசம் என்று அவள் மாமியார் வீட்டில் பேச்சு. வாசல் காட்சியில் எல்லாம் பதிவாகியிருந்தது. பூக்காரர் பக்கம் திரும்பிக் கத்துகிற முட்டாள், கூப்பின கை கூப்பினபடி நிற்கிற மணி. நின்றார், பன்னீர்ச் சொம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார், யாராவது தெளிப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அப்புறம் கையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார். பந்திக் காட்சியில் அந்தச் சட்டை இல்லை. ஆனால் வீடியோக்காரர் எல்லாரையுமா எடுப்பார், வாயைத் திறந்து வடையை வைக்கிற தாட்டிகர்களைப் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தார். சம்பந்தியிடம் கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுப்பார். உங்க வேன்ல ஒருத்தர் வந்தாரே, புருவத்துல தழும்பு. ஏன் சம்பந்தி, தெரியுமா அவரை என்று அவர் திருப்பிக் கேட்டால்? அதற்கு என்ன பதில் சொல்வது? போனை வைத்துவிடுவார். மணிக்கோ இப்போது எல்லாம் தெரியும். பத்திரிகையில் பேர் இருந்தது, ஆவடி இருந்தது, கடை பேர் இருந்தது. வர நினைத்தால் ஒருநாள் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம். கடைக் கதவில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறது, அது கிணுங்கும்போதெல்லாம் தாமோதரன் தலையைத் தூக்கி, வாங்க என்பார். வருவது யாரோ ஒரு ரிட்டையர்டு வாத்தியார், காதில் மாட்டும் கம்பி கழன்ற கண்ணாடியோடு.

உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் நீராவி மூச்சை அடைத்தது. மணிக்கு ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் யார் வந்து இவருக்குச் சொல்வார்கள்? எந்த ஊர், எந்தத் தெரு, அசலான பேர் என்ன, ஒன்றும் தெரியாது. தெரியாமலே செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து இந்தப் படியைத் தடவிக்கொண்டிருப்பார். அழ வேண்டுமென்றால்கூடத் தேதி தெரியாது. கதவு திறந்தது. வந்த கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் உயரம், மணியும் உயரம்தான், மணியைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது, கதவை மெதுவாகச் சாத்துகிறது, மணியும் அப்படித்தான் சாத்துவார். இத்தனை நாள் தொண்டையில் நின்ற சொல், யாரையும் கேட்காமல், தானே வெளியில் வந்தது. வாங்க என்றார், கொஞ்சம் சத்தமாகவே, கையைக்கூடக் கூப்பிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. வாங்க, வாங்க. உருவம் நின்ற இடத்திலேயே நின்றது. யாரு என்று ஒரு புதுக் குரல், நடுங்கிப்போன இளவயசுக் குரல், நான் நீங்க நெனைக்கிற ஆள் இல்ல என்றது, கதவு படாரென்று திறந்தது, குளிர் காற்று, செருப்புச் சத்தம். தாமோதரன் கூப்பின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரிலிருந்து தைரியத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததோ, உள்ளே நுழைந்ததும் பெரியப்பாபோல ஒரு குரல் வாங்க வாங்க என்றால் பயப்படாதா. சற்று நேரத்தில் லாரன்ஸ் தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க யாரையும் வாங்க போங்கன்னு கூப்பிடாதீங்க. தெரிஞ்சவங்க யாரோ உள்ள இருக்காங்கன்னு அவரு சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே உங்களை வராதீங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

சரிப்பா என்றார். வராதீங்க என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, மணி ஒருவேளை அடுத்த செவ்வாய் வந்தால்? வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இந்த வாய் இருக்கிறதே, சொல்ல வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும், சொல்லக் கூடாத இடத்தில் திறந்துகொள்ளும். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டார். வேண்டியது என்ன உனக்கு என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வார்? புனிதாவை விட்டு வரப்போகிறாரா, அதெல்லாம் இல்லை, அவள் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கண்விழித்தது நடிப்பில்லை, அவள்மேல் இருப்பது பாசம்தான், அதற்கு வேறு பேரில்லை. ஆனால் மணியின் தோள் வந்து ஒட்டும்போது நடப்பதற்கு இன்னும் ஒரு பேரும் வைக்கவில்லை, இங்கேதான் பேரே கூடாதே. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து விடுதியில், பக்கத்துப் பாயில் படுத்த பையன் தூக்கத்தில் கையைத் தூக்கி இவர்மேல் போட்டபோது, விடியும்வரை புரளாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கை எழுந்துபோய்விடக் கூடாதே என்று. எத்தனை வயசானாலும் அதே பயம்தான், கை எழுந்துபோய்விடக் கூடாதே. போய்விட்டது. இவர்தான் உதறினார், அதுவும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, ஊரறிய. மணியின் முன்னால் உட்கார்ந்து ஓர் இலையைப் போட்டு, தன் கையாலே சோறும் சாம்பாரும் விட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டால் போதும். இவ்வளவுதான் வேண்டியிருந்தது, கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், இந்த மாடிக்கு ஏறிவருகிற ஒரு ஆளுக்கு ஆசை பந்தி பரிமாறுவதில் இருக்கிறது என்றால். எந்திரம் இஸ்ஸென்று புது ஆவியை விட்டது. கதவு திறந்ததைக்கூட அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

யாரோ வந்து எதிர்ப்படியில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இல்லை, எதிர்ப்படியில். தாமோதரன் வாயைத் திறக்கவில்லை, லாரன்ஸின் குரல் இன்னும் காதிலேயே இருந்தது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. அவரைப்போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது, இது தெளிவா, முன்னது தெளிவா. மூச்சு விடுகிற சத்தம். துண்டைப் பிழிகிற சத்தம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இங்கே துண்டைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வருகிறவர் ஒருவர்தான், ஆனால் அந்தப் பழக்கத்தை மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாமே. சொல்லு, சொல்லித் தொலை என்று நெஞ்சு தள்ளியது. நாக்கு மண்டப வாசலில் நின்றதுபோலவே நின்றது. இப்படியே எழுந்து போய்விடுவார், அப்புறம் வாழ்நாள் பூராவும், என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்படியிலிருந்து மூக்கில் உரசிக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"சாப்ட்டாச்சா அண்ணாச்சி?"

மணி உயிரோடு இருக்கிறார் என்ற ஒன்றே தாமோதரனுக்கு உடம்பெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. மணியே தொடர்ந்து பேசினார். உங்க வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் வேனில் ஏறிவிட்டேன், பாபு என்ற பேரைத்தான் தெரியும், தாமோதரன் யார் என்று கண்டேனா, வாசலில் உங்கள் முகம் போனதைப் பார்த்ததும், ஐயோ வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டோமே, வீட்டில் ஏதும் பிரச்சினை ஆகிவிடுமோ என்றுதான் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை, கோபம் ஆறியிருக்கும் என்று இன்றைக்கு வந்தேன் என்றார். கோபமா? யாருக்கு யார்மேல் கோபம்? இவர் இத்தனை நாளாக அவர் கோபத்துக்குப் பயந்து உருகிக்கொண்டிருக்க, அவர் இவர் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்திருக்கிறார். தாமோதரன் வாயிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அதுவும் பாதிதான் வந்தது. அன்னைக்கு நீங்க என்றார். மணிக்குப் புரிந்துவிட்டது.

"சாப்ட்டுட்டுத்தான் போனேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய. பாயாசம் அருமையா இருந்துச்சு அண்ணாச்சி. ரெண்டு மட்டம் வாங்கிக் குடிச்சேன்."

அன்றைக்கு ஓர் இலையிலும் பாயசம் விழவில்லை. அது பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியும், புனிதாவுக்குத் தெரியும், சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். சாப்பிடாத ஒருவருக்குத்தான் தெரியாது. தாமோதரனுக்குக் கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரிந்தது. பன்னீர் தெளிக்கப்படாத சட்டையோடு ஓர் ஆள் மண்டபத்துக்குள் நடந்து, நாற்காலிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்று, அட்சதை போட்டுவிட்டு, சாம்பார் வாசனை வருகிற படியைத் தாண்டி, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியில் வெயிலுக்குப் போய், பேருந்து பிடித்து, வீட்டில் போய் அடுப்பைப் பற்றவைத்துத் தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டிருப்பார். போட்டுவிட்டு, தன்னைக் கூப்பிடாத வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாது என்று வாயாலேயே ஒரு பாயசத்தையும் காய்ச்சி வைத்திருக்கிறார், முந்திரிப்பருப்பு போட்டு. தாமோதரன் அழுதார், இந்தத் தடவை வியர்வை என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாயசம் போடவே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, அதைச் சொல்லக் கூடாது என்று உடனே தெரிந்துவிட்டது, கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஆகிவிடும். எழுந்தார். கையை நீட்டித் தடவி மணியின் மணிக்கட்டைப் பிடித்தார். எந்திரிங்க, வெளிய போய்ச் சாப்பிடலாம் என்றார். மணிக்கு விளங்கவில்லை. சேர்ந்தா என்றார், நீங்க முன்னாடி போங்க, நான் அப்புறமா வரேன், எப்பவும்போல. இல்ல, சேர்ந்துதான் என்றார் தாமோதரன்.

லாக்கரைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டதும் உலகம் பழையபடி கூர்மையானது, பயமும் கூடவே கூர்மையானது. இரண்டு பேரும் ஒன்றாகச் சாவியைக் கொடுத்ததைப் பார்த்து லாரன்ஸ் குனிந்து துண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டான். மாடிப்படியில் மணியின் செருப்புச் சத்தம் பின்னால் ஒரு படி விட்டுத்தான் வந்தது, தெருவில் இறங்கியதும் அது இரண்டு மூன்று கடை தள்ளிப் போயிற்று, பழக்கம் அப்படி. மழை விட்டிருந்தது. ரோட்டில் ஆவடி போகிற பேருந்து ஒன்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது, ஜன்னல் ஜன்னலாக முகங்கள், எத்தனை முகங்களில் இவர் மாட்டிவிட்ட கண்ணாடி இருக்கிறதோ, இவர் கண்ணாடி என்றால் நன்றாகவே தெரியுமே. திரும்பிவிடலாம், பட்டறையில் ஃபிரேம் தயாராகியிருக்கும், அவசர வேலை என்று சொன்னால் மணி நம்புவார், மணி எதையும் நம்பிக்கொள்வார், அதுதான் கொடுமை. ரோட்டைக் கடந்தார். எதிரில் சாப்பாட்டு ஹோட்டல், வாசலில் இரண்டு படி, கல்லாவில் விபூதி பூசிய ஒரு பெரியவர். பாயசம் இருக்குங்களா என்று கேட்டார். சேமியா பாயசம் இருக்கு சார், கடைசிப் பந்தி, உக்காருங்க என்றார் அவர். உள்ளே போகவில்லை. மணி ரோட்டைக் கடந்து வந்து, ஹோட்டலுக்கு வந்த வேறு யாரோபோல, அறிவிப்புப் பலகையைப் படிக்கிற பாவனையில் கீழே நின்றார். அதே நீலக் கோட்டுச் சட்டைதான், இப்போதுதான் தாமோதரன் கவனித்தார், இருப்பதில் நல்லது அதுதான் போலிருக்கிறது. புருவத்தில் தழும்பு. பேருந்து இன்னும் கிளம்பவில்லை, கண்ணாடி போட்ட ஒரு முகம் ஜன்னலில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தாமோதரன் மேல்படியில் ஏறி நின்று திரும்பினார், பெண்ணைப் பெற்றவர் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினார்.

"வாங்க" என்றார்.